சட்டைப் பையில் ஷூசே

முதல் தடவை வந்தபோது நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். செத்தவள் எப்படி நினைப்பாள் என்று யாரும் கேட்க வேண்டாம். பசுந்தாங்கிலிருந்து ஷ்வேப்யிதா போகும் பஸ்ஸில் எல்லா நாளும் போல வேலைக்குப் போக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. விரல்கள் மரத்தன. மூச்சை இழுத்தேன், போதவில்லை. இன்னும் இழுத்தேன், அதுவும் போதவில்லை.

யாங்கூனில் ஒருவருக்குத் தலை சுற்றினால் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வைத்தியர்கள்தான். "அமா, மூ நேலா?" என்று பின்சீட்டுப் பெண் கேட்டாள். அக்கா, மயக்கமா வருது என்று கேட்கிறாள். நான் பதில் சொல்வதற்குள் என் மூக்கின் கீழ் ஷூசே வந்துவிட்டது. ஷூசே என்றால் மூக்கில் வைத்து இழுக்கும் சின்ன மருந்துக் குப்பி. கற்பூரமும் புதினாவும் கலந்த வாடை அடிக்கும். இங்கே கைக்குட்டை இல்லாமல் வெளியே போகிறவர்கள் உண்டு, ஷூசே இல்லாமல் போகிறவர்கள் குறைவு. ஒருத்தி நெற்றியில் தைலம் தேய்த்தாள். ஒரு கிழவர் என் கால் கட்டைவிரலை நெரித்தார். வாயு அடைத்துக்கொண்டதாம்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை, இது வெறும் பதற்றம் என்றார் டாக்டர். எனக்கு வந்ததே கோபம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்து முடித்த ஜாக்கெட்டுகளைச் சரிபார்க்கும் பிரிவுக்கு நான் பொறுப்பு. ஒரு பொத்தான் கோணலாக இருந்தாலும் தூரத்திலிருந்தே என் கண்ணில் பட்டுவிடும். ஒரு பிரிவையே அதட்டி வேலை வாங்குகிறவளைப் பார்த்துப் பயந்தாங்கொள்ளி என்கிறாரே இந்த மனுஷர் என்று வீடு வரும்வரை புலம்பினேன்.

ஆனால் அது மறுபடி வந்தது. அதற்கப்புறம் எப்போது வருமோ என்ற பயமே அதைக் கூட்டிக்கொண்டு வந்தது. அம்மன் கோவிலில் கயிறு கட்டிக்கொண்டேன். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி, காய்ச்சல் என்று போனில் பொய் சொல்லி லீவு போட்டேன். தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் ஃபெர்ரி பஸ் எங்கள் பக்கம் வராது. டாக்சியில் தினமும் போனால் சம்பளம் டாக்சிக்காரருக்குத்தான். இனியும் லீவு போட்டால் பிரிவை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்று இரவு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் சொன்னார்: "நாளையிலேருந்து நான் கூட வர்றேன்."

அவருக்கு எங்கள் தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளி ஒரு சின்னக் கடை. இன்வெர்ட்டரும் பேட்டரியும் பழுது பார்க்கிறார். ஊரில் கரண்ட் போகப் போக அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. கடைக்கு நடந்தே போவார், நடந்தே வருவார். குடும்பத்தோடு எங்காவது போவதென்றால் ரயில்தான். "ரயில்வேக்காரன் பேரன் நான், ரத்தத்துலயே ரயில் ஓடுது" என்பார். பெகு போனாலும் ரயில், மாந்தளே போனாலும் ரயில். ரயில் நின்று நின்று போய் எனக்கு இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

அப்படிப்பட்டவர் தினமும் காலையில் என்னோடு பஸ் ஏறினார். தொழிற்சாலை வாசல்வரை வந்து, அங்கே இருந்த டீக்கடையில் என்னோடு உட்கார்ந்து, நான் உள்ளே போனதும் திரும்பி வந்து கடை திறந்தார். மாலையில் மறுபடி வாசலில் நின்றார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஷூசே. எனக்கு வந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். மூடியைத் திறந்து, மருந்து இருக்கிறதா என்று தான் ஒருமுறை ஆழமாக இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவார். ஏசி பஸ் வந்தால் ஏற விடமாட்டார். "அடைச்ச பஸ்ஸு, உனக்கு மூச்சு முட்டும்" என்பார். சாதாரண பஸ்ஸுக்காகக் காத்திருப்போம்.

பஸ்ஸுக்குள் மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். கதவோரம் நின்றுகொண்டு வெளியே பார்த்தபடியே வருவார். பேச மாட்டார். ஏதாவது கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில். நான் இங்கே உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, இவர் வேடிக்கை பார்க்கிறாரே என்று பற்றிக்கொண்டு வரும். ஆனால் நிறுத்தத்தில் காத்திருக்கும்போதும் டீக்கடையிலும் நன்றாகப் பேசுவார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. பக்கத்துக் கடைக்காரரின் நடையை நடித்துக்காட்டுவார். நான் சூப்பர்வைசர்களைப் பற்றி வம்பளப்பேன். நான் மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மொஹிங்கா சாப்பிடுவேன். அவர் மேசையில் இலவசமாக வைத்திருக்கும் வெறும் தேநீரை மட்டும் குடிப்பார். கஞ்சப் பிசுனாரி என்று கிண்டல் செய்வேன், சிரித்துக்கொள்வார்.

பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்தான் சயாமாவைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய தங்கைக்கும் இதே தொல்லை இருந்ததாம். டீச்சரையும் டாக்டரம்மாவையும் இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவோம். இந்தச் சயாமா ஒரு கிளினிக்கின் மாடியில் சின்ன அறையில் இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். அந்தச் சிகிச்சைக்குத் தமிழில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயராம். சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. அவர் சிபிடி என்றார், எனக்கும் அதுவே சௌகரியம்.

மருந்து தருவார் என்று போனால் கேள்விதான் கேட்டார். பர்மியில்தான் பேசினோம். நெஞ்சு வேகமாக அடிக்கும்போது மனதில் என்ன ஓடுகிறது என்றார். செத்துவிடுவேன் என்று ஓடுகிறது என்றேன். அப்படி நினைத்ததும் நெஞ்சு என்ன செய்கிறது என்றார். இன்னும் வேகமாக அடிக்கிறது என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது, ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. இதுவரை எத்தனையோ தடவை சாகப் போகிறேன் என்று நினைத்தீர்களே, அதில் எத்தனை தடவை செத்தீர்கள் என்று கேட்டார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அடுத்த வாரம் என்னை நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார். மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னார். குளிர்பானம் குடிக்கும் உறிஞ்சுகுழலை வாயில் வைத்து அதன் வழியாக மட்டும் மூச்சுவிடச் சொன்னார். நெஞ்சடிப்பும் தலைசுற்றலும் வந்தன, தானாகவே போயின. நடுவில் கரண்ட் போய் மின்விசிறியும் நின்றது. பணத்தையும் கொடுத்துத் தலைசுற்றலையும் வாங்கிக்கொண்டு வருகிறேனே என்று வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு சயாமா, பயம் வரும்போது எதையெல்லாம் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். தண்ணீர் பாட்டில், தைலம், போன், ஷூசே என்று அடுக்கினேன். அவை காப்பாற்றவில்லை, அவை இல்லாவிட்டால் செத்திருப்போம் என்ற நினைப்பைத்தான் காப்பாற்றுகின்றன என்றார். ஒவ்வொன்றாக விட வேண்டும். "பெரிசு ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டீங்களே" என்றார்.

"வேற என்ன?"

"உங்க வீட்டுக்காரர்."

இரண்டு வாரம் அதை அவரிடம் சொல்லவில்லை. மனுஷன் கடையை விட்டுவிட்டு வந்திருக்கிறார், அவரைப் போய் தைலத்தோடும் பாட்டிலோடும் சேர்த்து எப்படிச் சொல்வது? அதோடு, அந்த டீக்கடைப் பேச்சை விட எனக்கு மனசில்லை. கடைசியில் ஒருநாள், அவர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"ஏங்க, சயாமா இனிமே என்னைத் தனியா போகச் சொல்றாங்க."

தலை நிமிர்ந்தார். "நிச்சயமாவா?"

"ஆமா."

"அப்ப சரி" என்றார். அவர் முகம் அப்படியே தெளிந்துபோனது. எனக்குச் சுருக்கென்றது. ஒரு பேச்சுக்காவது இன்னும் கொஞ்ச நாள் வருகிறேனே என்று சொல்லக்கூடாதா? என்னைச் சுமந்து சலித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தனியாகப் போன முதல் நாளே வந்தது. இந்தத் தடவை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும் என்பது சயாமாவின் கட்டளை. ஆனால் இந்த ஊரில் யார் ஒருவரை ஒன்றும் செய்யாமல் இருக்க விடுகிறார்கள்? என் முகம் வெளுத்ததுதான் தாமதம், மூன்று பக்கத்திலிருந்தும் ஷூசே நீண்டது. பக்கத்தில் இருந்தவள் என் பிடரியை அமுக்க ஆரம்பித்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அன்பாக நீட்டுகிறவர் முகம் சுருங்குமே என்ற சங்கடத்துக்கு ஆனாடே என்று பெயர், இங்கே சாவைவிட அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறோம்.

"யபாடே, யபாடே, பரவால்ல, ஒண்ணும் வேணாம்" என்றேன். "நான் பழகிக்கிட்டிருக்கேன்."

"என்ன பழகுறீங்க அமா?"

"பயப்பட."

அவள் தன் ஷூசேயைத் தானே ஒருமுறை இழுத்துக்கொண்டாள். நெஞ்சு அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். செத்துவிடுவேன் என்ற நினைப்பு வந்தது, அதுவும் வரட்டும் என்று விட்டேன். உச்சிக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு பாத்திரத்தில் கொதி அடங்குவதுபோல் அடங்கியது. இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் என் காலால் நானே இறங்கினேன். அன்று டீக்கடையில் தனியாக உட்கார்ந்து மொஹிங்கா சாப்பிட்டேன். அது ருசிக்கவில்லை.

வாரங்கள் போகப் போக வருவது குறைந்தது, வந்தாலும் சீக்கிரம் போனது. கடைசியாகப் பார்த்தபோது சயாமா, நூற்றுக்கு இப்போது எவ்வளவு பயம் என்று கேட்டார். பத்து என்றேன். அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் இப்போது என்னோடு பஸ்ஸில் வருவதில்லையே, அதுதான் என்றேன். சிரித்துவிட்டார். அதற்கு இங்கே சிகிச்சை இல்லை, பயத்துக்காக அவரைக் கூப்பிட்டால்தான் தப்பு, ஆசைக்காகக் கூப்பிடலாமே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டேன். "ஏங்க, மாவ்பி சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிட்டு வருவமா? சும்மா, ரெண்டு பேரும்."

"மாவ்பிக்கா? பஸ்லயா?"

"பின்ன, பிளேன்லயா?"

"சரி, வா" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு பழக்கதோஷத்தில் ஷூசேயை எடுத்துப் பையில் போட்டார். நான் அதை எடுத்து அலமாரியில் வைத்தேன். "எனக்குத்தான் குணமாயிடுச்சே, இனி எதுக்கு இது?" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் அலமாரியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

ஏசி பஸ் வந்தது. வெயிலுக்குச் சுகமாக இருக்கும் என்று அவர் கையைப் பிடித்து ஏற்றி, கதவோரம் நிற்கவும் விடாமல் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். பேசிக்கொண்டே வந்தேன். பாதி வழியில்தான் அவரிடமிருந்து பதிலே வரவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் முகம் மஞ்சள் பூத்திருந்தது. உதட்டுக்கு மேல் வியர்வை. முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

"என்னங்க பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. எனக்குச் சின்ன வயசுலேருந்தே பஸ் ஆகாது. ஏறினாலே குமட்டும்."

எதிர்சீட்டுப் பெண் ஷூசேயை நீட்டிவிட்டாள். நான் வாங்கி அவர் மூக்கருகில் கொண்டுபோனேன். அந்த நிலையிலும் குறும்பு போகவில்லை. "வேணாம், விடு. தானா வந்து தானா போயிடும்னு உங்க சயாமா சொன்னாங்கல்ல?"

"அது பயத்துக்கு. இது வாந்தி, வெளியதான் வரும். பேசாம இழுங்க."

கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக இழுத்தார். அந்த இழுப்பை நான் எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறேன். அந்தக் கதவோரத்தையும், ஒற்றை வார்த்தைப் பதில்களையும், தொடாமல் விட்ட மொஹிங்காவையும் பார்த்திருக்கிறேன்.

"ஏன் சொல்லவே இல்ல?" என்றேன்.

"சொன்னா நீ வேணாம்னிருப்ப. வேலை போயிருக்கும்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். அவர் மரத்தடியில் குந்தி வாந்தி எடுத்தார், நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்போதுதான் மனதில் கணக்கு ஓடியது. வேலைக்குப் போய்வர எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ். என்னை விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பி, மாலையில் மறுபடி கூட்டிப்போக வந்தவருக்கு நாலு.