ரசமட்டம் எடுத்த கோணல் படம்

"என் ஸ்டூடியோவை விட்டு ஒரு முகமும் கோணலா வெளிய போனதில்ல."

இதைவிடச் சின்னச் சாதனைகளுக்கெல்லாம் உலகத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். நம் ஸ்டூடியோக்காரரோ இந்தப் பிரகடனத்தை, பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து முக்காலியில் மாட்டிக்கொண்டவர்களிடம் மட்டுமே வெளியிட்டார். தெருவில் அவருக்குப் பெயர் ரசமட்டம். சுவர் மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் கருவி, இவருக்குக் கண்ணிலேயே இருந்தது. ஒரு காது ஏறியிருந்தால் விளக்கை நகர்த்துவார். அதற்கும் மசியாத மூக்கைக் கம்ப்யூட்டரில் வழிக்குக் கொண்டுவருவார். அவர் எடுத்த படத்தோடு போன ஒருவரை, "இது நீங்க இல்லையே" என்று காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். அதையும் பாராட்டுக் கணக்கில்தான் சேர்த்தார்.

அவருக்கு ஒரே மகள். கூடப் படிப்பவர்களுக்குக் கடைவாய்ப் பால்பல் விழுந்து புதுப்பல் வந்துகொண்டிருக்க, இவளுக்கு இடது கீழ்ப்பக்கம் ஒன்று மட்டும் குடிக்கூலி பாக்கி இல்லாத வாடகைக்காரர் மாதிரி அசையாமல் இருந்தது. வலி கிடையாது.

"ஏங்க, இவ இடது கன்னம் உப்பலா தெரியல?" என்றார் மனைவி.

"அது விளக்கு விழுற கோணம்."

அப்போது அவர்கள் பட்டப்பகலில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு நாள் மகளுக்கு முகம் கழுவிவிட்டபோது தாயின் விரலில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பல் மருத்துவரிடம் மூவரும் போனார்கள். எக்ஸ்ரேயில், தாடை எலும்புக்குள் ஒரு கறுப்பு வட்டம். அதற்குள் வெளியே வர வழியில்லாமல் ஒரு பல் படுத்திருந்தது.

முளைக்காத பல்லைச் சுற்றி வரும் நீர்க்கட்டி போலிருக்கிறது, பெரும்பாலும் மெதுவாக வளரும் என்று மருத்துவர் விளக்கினார். ஆனால் இதே வேஷத்தில் வேறு கட்டிகளும் வரும். அவற்றில் சில அவசரக்காரக் கட்டிகள். வீக்கம் எப்போது தொடங்கியது, பழைய படம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

படம் உண்டாவா? ரசமட்டம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, போன வருடம் மகளின் பள்ளி அடையாள அட்டைக்காகத் தாமே எடுத்ததைப் பர்ஸிலிருந்து நீட்டினார்.

மருத்துவர் அதை வெகுநேரம் பார்த்தார். "போன வருஷம் ரெண்டு கன்னமும் சமமா இருக்கே. அப்போ இது ரொம்ப வேகமா வளர்ந்திருக்கு." குரல் இறங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி என்றார். அவசரக்காரக் கட்டியாக இருந்தால் தாடை எலும்பில் ஒரு பகுதியையே எடுக்க வேண்டிவரலாம் என்றார். தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரசமட்டத்துக்கு அந்தப் படம் எடுத்த நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு விளக்கை நகர்த்திப் பார்த்தும் இடது கன்னம் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. வலது கன்னத்தை எடுத்து, திருப்பி, இடது பக்கம் ஒட்டியிருந்தார்.

"அது அவ கன்னம் இல்ல டாக்டர். நான் சரி பண்ணினது."

பதிலுக்குப் பதில் பேசியே குடித்தனம் நடத்திய மனைவி, இந்த முறை படத்தை வாங்கி மகள் முகத்தோடு வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "பெத்த பொண்ணு முகத்துல உங்களுக்கு எது சரியில்லாம போச்சு?"

அவர் எழுந்து ஸ்டூடியோவுக்கு ஓடினார். கை வைக்காத அசல் படத்தோடு திரும்பினார். அதில் வீக்கம் அப்போதே இருந்தது. இப்போதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மெதுவாகத்தான் வளர்ந்திருக்கிறது என்று மருத்துவர் மூச்சு விட்டார். கட்டியின் சுவரில் துளி சதை எடுத்துச் சோதித்ததில், சாதாரண நீர்க்கட்டிதான் என்று முடிவு வந்தது. பால்பல்லைப் பிடுங்கி, கட்டியில் ஒரு வாசல் திறந்து நீரை வடியவிட்டார்கள். எலும்பு நிரம்பினால் உள்ளே படுத்திருக்கும் பல் தானாகவே மேலே வரக்கூடும். அதுவரை மாதம் ஒரு படம் வேண்டும், ஒரே விளக்கில், ஒரே தூரத்தில் என்று மருத்துவர் கேட்டார். ரசமட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கை வைக்காம" என்றும் சேர்த்துக்கொண்டார்.

முதல் படத்துக்கு மகள் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். கத்தி பட்ட கன்னம் முன்னைவிடப் பெரிதாகத்தான் வீங்கியிருந்தது.

"கோணலா இருக்காப்பா?"

"ஆமா கண்ணு. இருக்கு."

விளக்கை அவர் தொடவில்லை. படத்தை அச்செடுத்து, ஓரம் வெட்டி, உறையில் போட்டு அவள் கையிலேயே கொடுத்தார். அவள் அதை உருவிப் பார்த்துக்கொண்டே வெளியே நடந்தாள்.