ஒரே ஃபேனுக்கு இரண்டு முறை வரி

திருத்தணி பஜாரில் ஃபேன் கடை வைத்திருக்கிறேன். விற்பனை வரிக் காலத்தில் முதலில் விற்பவரே வரி கட்டிவிடுவார். எனக்குத் தலைவலி இல்லை. இப்போது வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆனால் எனக்கு ஃபேன் விற்ற சென்னை மொத்த வியாபாரி தன் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாததால், போன மாதம் எனக்குக் கழிவு கிடைக்கவில்லை. அதே வரியை மறுபடி கட்டினேன்.

அந்த எரிச்சலில் இருந்தபோது, சர்ச்சுக்கு ஃபேன் வாங்க வந்த அம்மா, "பில்லு வேணாங்க, வரியைக் கொறச்சுக்கங்க" என்றார்.

"நானே ரெண்டு வாட்டி கட்டிகினு இருக்கேம்மா!" என்று கத்திவிட்டேன்.

"உங்களுக்காவது கழிச்சுக்க வழி இருக்குதுங்க. நான் யார்கிட்ட கழிக்கிறது?"

வரியோடுதான் பில் போட்டேன். அவர் முனகிக்கொண்டே ஃபேனை ஆட்டோவில் ஏற்றினார். மொத்த வியாபாரிக்குப் போன் செய்தேன்; எடுக்கவில்லை.