நான் தூக்கிய கம்பிவலை

சென்ற வருடம் நான் செய்த ஒரு தவறை, ஆறு வயதுப் பேத்தி தான் செய்ததாக நம்பும்படி விட்டேன். மூன்று கிழமை, ஏறக்குறைய இருபது நாள், அப்படியே விட்டேன். இது அந்த மூன்று கிழமையைப் பற்றியது.

துறைமுகத்தில் என் வேலை, வந்து கட்டும் கப்பல்களில் எலி இருக்கிறதா என்று பார்ப்பது. சுகாதாரப் பரிசோதகர் என்று பதவிப் பெயர். தானியம் ஏற்றிய அறைகளுக்குள் டோர்ச்சோடு இறங்கி எச்சத்தைப் பார்த்தால், அது இன்று விழுந்ததா, போன கிழமை விழுந்ததா என்று சொல்லிவிடுவேன். பொறி வைத்தோம், நஞ்சு வைத்தோம். முப்பது வருடத்துக்கு மேல் அதுதான் தொழில். மனைவி போன பிறகு அன்புவழிபுரத்தில் மகளோடு வந்து இருந்தேன். ஒருநாள் பேத்தி தனக்கு ஜெர்பில் வேண்டும் என்று கேட்டாள். ஜெர்பில் என்பது ஒரு வகைப் பாலைவன எலி. உள்ளங்கைக்குள் அடங்கும்; வால் நுனியில் சின்னக் குஞ்சம் இருக்கும்.

"அப்பா எலியைச் சாக்காட்டித்தான் எங்களை வளத்தவர். இப்ப எலியை வளக்கப் போறார்," என்று மகள் சிரித்தாள்.

மீன்தொட்டியும் பறவைக்கூடும் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நான் அவரை நானா என்று கூப்பிடுவேன்.

"ஒண்டைத் தனிய எடுக்காதீங்க ஐயா. தனிய இருந்தா அதுக்கு மனம் செத்துப் போகும். ஒரே ஈத்தில பிறந்த ரெண்டு பெட்டையா எடுங்க," என்றார். பேத்தியிடம் குனிந்து, "துரத்திப் பிடிக்கக் கூடாது மகள். கையை உள்ள வச்சிட்டுப் பேசாம இருங்க. ஆர் வந்து மணந்து பாக்கிறாவோ அவதான் உங்கட ஆள். வாலில மட்டும் பிடிக்கக் கூடாது, தோல் கழண்டு வந்திடும்," என்றார்.

அவள் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எனக்குக் கால் உளைந்தது. அவளுக்கு உளையவில்லை. கடைசியில் மண்ணிறத்தில் ஒன்றும் சாம்பல் நிறத்தில் ஒன்றும் வந்து அவளது விரலை முகர்ந்தன. இரண்டும் அக்காள் தங்கை.

கண்ணாடித் தொட்டியில் ஒரு சாண் ஆழத்துக்கு மரத்தூள் போட்டுக் கொடுத்தேன்; அவை குடைந்து குடைந்து வழி செய்தன. சூரியகாந்தி விதையைப் பேத்தி எண்ணிப் போடுவாள். ஒருநாளும் மறந்ததில்லை.

சில மாதங்களில் சாம்பல் நிறக்காரி தின்னாமல் கிடந்து செத்தது. ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை. செத்ததற்காகப் பேத்தி அழுததைவிட, மிஞ்சி இருந்ததற்காக அழுததுதான் கூட. "அது மூலையில தனிய இருக்குது அம்மப்பா."

மறுபடி கடைக்குப் போனேன். நானா தலையை ஆட்டினார்.

"இன்னொண்டு தரலாம். ஆனா கொண்டுபோய் ஒண்டாப் போட ஏலாது. இது அயலாளைக் கண்டா கடிச்சுச் சாக்காட்டிப் போடும். தொட்டிக்கு நடுவில வலை அடிச்சு, ஒவ்வொரு நாளும் இதை அந்தப் பக்கம், அதை இந்தப் பக்கம் மாத்தி விடுங்க. ரெண்டு கிழமையாவது செல்லும். வலையோட ஒட்டிக்கொண்டு ரெண்டும் நித்திரை கொண்டாத்தான் எடுக்கலாம்."

"நானா, எனக்கு எலி படிப்பிக்காதேங்கோ. நான் முப்பது வருஷம் எலியோட இருந்தனான்."

"ஓம் ஐயா, நீங்க சாக்காட்டிப் படிச்ச ஆள். நான் வளத்துப் படிச்சவன்," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் புதிதாக ஒன்றை வாங்கி வந்து, தொட்டிக்கு நடுவில் கம்பிவலை வெட்டிப் பொருத்தினேன். அதன் இரண்டு மூலையையும் அமத்தினால் இறுகி நிற்கும். காலையில் பள்ளிக்கூடம் போக முன், இரண்டையும் ஒவ்வொன்றாகக் கோப்பையில் ஏறவைத்துப் பக்கம் மாற்றி, வலையைத் திரும்ப அமத்திவிட்டுப் போவது பேத்தியின் வேலை. நான் காட்டிக் கொடுத்தபடியே செய்தாள்.

நான்காம் நாள் அவள் பள்ளிக்கூடத்தில். மகள் கைக்குழந்தையை, பேத்தியின் தம்பியை, தடுப்பூசிக்குக் கொண்டுபோயிருந்தாள். தொட்டியைப் பார்த்தேன். வலைக்கு இரு பக்கமும் மூக்கோடு மூக்கு வைத்து இரண்டும் நின்றன. துறைமுகத்தில் வெவ்வேறு கப்பலில் பிடித்த எலிகளையும் ஒரே கூட்டில்தான் போடுவோம். சண்டை பிடிக்காமல் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும். எலி எலியோடு சேர்ந்துவிடும் என்று நான் அதிலிருந்து படித்திருந்தேன். அவை பயத்தில் ஒட்டிக் கிடந்தன என்று இவ்வளவு காலமும் எனக்குத் தோன்றியதில்லை. பேத்தி வரும்போது இரண்டும் சேர்ந்து படுத்திருக்க வேண்டும், அதை நான் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வலையைப் பிடித்து இழுத்தேன். இறுகி இருந்தது, இரண்டாம் தரம் இழுக்கத்தான் வந்தது.

இரண்டும் ஒன்றையொன்று சுற்றி ஓடின. விளையாட்டு என்று நினைத்துக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் போட்டேன். பேப்பரை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அரை மணித்தியாலம் இருக்கும். திரும்பிப் போனபோது மண்ணிறக்காரி கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தது. மரத்தூள் சிவந்திருந்தது. புதியது ஒரு மூலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தது.

வலையை எடுத்துத் தொட்டிக்குள் சரித்து வைத்தேன். தானாகக் கழன்று விழுந்ததுபோல் இருந்தது.

மகள் வந்தாள். பிறகு பேத்தி வந்தாள். அவள் அழவில்லை. வலையைத்தான் பார்த்தாள்.

"அம்மா, நான் சரியா அமத்தேல்லையோ?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் பேத்தியின் தலையைத் தடவி, "பரவாயில்லை. பிள்ளை தெரியாமச் செய்தது," என்றேன்.

என் குற்றத்துக்கு அவளை மன்னித்தேன். மகள் என்னை நன்றியோடு பார்த்தாள். அந்தப் பார்வையையும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பேத்தி பள்ளிக்கூடப் பையை மூன்று தரம் திறந்து பார்க்கத் தொடங்கினாள். தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுப் போனவள் திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பாள். முன்பெல்லாம் தம்பியைத் தன் மடியில் தரச்சொல்லி அடம்பிடித்தவள். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கியது. மகள் குழந்தையை அவளிடம் நீட்டினாள். இவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு ஏலாது அம்மா. நான் விட்டுடுவன்."

பால் பொங்கி ஊற்றியது. நான் கதிரையில் இருந்தேன். அன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் சென்றது. அந்தச் சனிக்கிழமை பின்னேரம் மகளையும் பேத்தியையும் கூப்பிட்டு, வலையை இழுத்தவன் நான், சரித்து வைத்தவனும் நான் என்று சொன்னேன்.

பேத்தி உடனே நம்பவில்லை. "அப்ப நான் ரெண்டு மூலையும் அமத்தினனானோ?"

"ஓம். அமத்தினனீங்கள். நான் ரெண்டு தரம் இழுக்கவேண்டி இருந்தது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"வெக்கம்."

"எலி செத்ததுக்கோ?"

"அதுக்கில்லை. கடைக்கார நானா சொன்னதை நான் கேக்கேல்லை எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சுபோம் எண்டு."

அவள் தாயிடம் திரும்பி, "நான் இல்லையாம் அம்மா," என்றாள். சற்றுப் பொறுத்து இன்னொரு தரமும் சொன்னாள். அதன் பிறகு பல நாள் மகளிடமிருந்து, சாப்பாடு போட்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு கதை இல்லை.

குழாயைத் தொட்டுப் பார்ப்பது மெல்லமெல்லக் குறைந்தது. ஒரு மாதம் சென்று, ஒரு பின்னேரம், அவள் தானாகவே சுவரில் முதுகை வைத்துக் காலை நீட்டி இருந்து, "தம்பியைத் தாங்கோ," என்றாள். மகள் கொடுத்தாள். இரண்டு கையாலும் அணைத்து, நெடுநேரம் வைத்திருந்தாள். அவளுக்குக் கை நோகும் என்று நினைத்து, நான் வாங்கக் கை நீட்டினேன். அவள் குழந்தையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, அம்மப்பாட்டக் குடுக்காதேங்கோ. விழுத்தினாலும் சொல்லமாட்டார்."

கோபமாகச் சொல்லவில்லை. சூடு, தொடாதே என்று சொல்வதுபோல் சொன்னாள். அப்படிச் சொல்லக் கூடாது என்று மகளும் திருத்தவில்லை. நான் கையை எடுத்துக்கொண்டேன்.