கல்வராயன் மலைக்கு உப்பு ஐஸ் ஏற்றிப்போன கதை

எலவனாசூர்கோட்டையில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவன் நான். நாலாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டேன். இன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் எனக்குச் சொந்தமாக ஐஸ் கம்பெனி இருக்கிறது. இருநூறு கேன் தொட்டி, ரெண்டு கம்ப்ரஸர், எண்ணூறு அடி போர்வெல், மாடியில் வீடு. கடலே இல்லாத ஊரில் ஐஸை எவன் வாங்குவான் என்று கேட்டவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் என் ஐஸ்தான் போனது. முதல் கம்ப்ரஸரைப் பழசாக வாங்கி, நானே கழற்றி, நானே மாட்டினேன். ஐஸ் கட்டியைப் பார் என்போம். என் பாருக்குப் பின்னால் பேப்பரை வைத்தால் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். அவ்வளவு தெளிவு. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்டவன் ஒரு நாள் மட்டமான ஐஸை ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

கார்த்திகை மாசம் ஒரு பொண்ணு கம்பெனிக்கு வந்தது. பேர் அஞ்சலை. டாக்டர், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கடலைப் படித்து வாங்கின பட்டம். கல்வராயன் மலைப் பொண்ணு. கள்ளக்குறிச்சியில் காலேஜ் படித்தபோது மலை பஸ்ஸுக்கு என் கம்பெனி எதிரில்தான் நிற்கும். இப்போது வெளி மாநிலத்தில் உத்தியோகம். உலகத்தின் தெற்குக் கோடியில் கடலே உறைந்து கிடக்கிறதாம். கப்பலில் அங்கே போய், அந்த ஐஸில் எது உயிர் வாழ்கிறது என்று பார்த்து எழுதுவது அதன் வேலை.

"உப்புத் தண்ணியில ஒரு பாரு போட்டுத் தருவீங்களா அய்யா?" என்று கேட்டது.

"அதைத் தின்றது யாரு?"

"திங்கறதுக்கு இல்லைங்க. எங்க அப்பாவுக்குக் காட்டணும்."

விஷயம் இதுதான். ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிற வேலை என்று அப்பா சின்னையனிடம் சொல்லி வைத்திருந்தது. போன தடவை கப்பலில் எவனோ எடுத்த வீடியோ எப்படியோ மலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. நடுக்கடலில், ஐஸ் மேல், மகள் நிற்கிறாள். அன்றிலிருந்து பத்து மாசமாக அவர் மகளோடு பேசவில்லை. போன் வந்தால் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அடுத்த வாரம் மறுபடி கப்பல்.

"பேசாமயே கப்பல் ஏறினா அங்க எனக்கு வேலை ஓடாதுங்க" என்றது.

ஒரு பார் வார்க்கிற கேன் ஐம்பது லிட்டர். லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம் என்று ஒண்ணே முக்கால் கிலோ உப்பை அதுவே நிறுத்துப் போட்டது. நான் என் தொழில் ரகசியத்தைச் சொன்னேன். தண்ணீர் உறையும்போது உப்பையும் அழுக்கையும் நடுவுக்குத் தள்ளும். அந்த நடுத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றினால்தான் பார் கண்ணாடி மாதிரி வரும். அஞ்சலை கண்ணை விரித்தது. "அங்கயும் இதேதாங்க நடக்குது. உறிஞ்சறதுக்குத்தான் ஆளில்லை. உப்பு ஐஸுக்குள்ளயே சின்னச் சின்ன வாய்க்காலாத் தங்கிடுது." படிக்காமலே நான் கண்டுபிடித்ததைத்தான் அவர்கள் கப்பல் கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள்.

மறுநாள் அந்தப் பார் வெளியே வந்தபோது எனக்கு மானம் போனது. மோர் நிறம். நகத்தால் கீறினால் பொடிகிறது. இதை மட்டும் கொண்டுபோக மனசு வராமல், அஞ்சலைக்குத் தெரியாமல் கண்ணாடிப் பார் ஒன்றையும் சேர்த்து ஏற்றச் சொன்னேன்.

காலை 5.10. எங்கள் குட்டியானை வண்டி கிளம்பியது. டிரைவர் பாபு, நடுவில் நான், ஓரத்தில் அஞ்சலை. பின்னால் நெல் உமிக்குள், சாக்கு போர்த்தி, ரெண்டு பார். கச்சிராயபாளையம் வரும்போது மணி 5.45. மீட்டரில் பதினஞ்சு கிலோமீட்டர் சொச்சம். வழி நெடுகக் கரும்பு. டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை ஜாஸ்தி. பாபு பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"முதலாளி, தண்ணி ஊத்திக்கினே வருது. அதுவும் உப்புத் தண்ணி. பாடி துரு புடிச்சா இன்னா பண்றது?"

"நல்ல தண்ணியில கழுவு. உன் மூஞ்சிய கழுவறதைவிட சுளுவா போவும்."

"எம்மூஞ்சி துரு புடிக்காது முதலாளி" என்று சொல்லி ஏறிக்கொண்டான்.

கோமுகி அணையைத் தாண்டினால் மலைப்பாதை. மழை மாசம், பாறைக்குப் பாறை தண்ணீர் வழிகிறது. ஒவ்வொரு வளைவிலும் பார் ரெண்டும் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டு, மெதுவாக ஓட்டு என்று பாபுவை அதட்டினேன். உப்பு ஐஸ் சீக்கிரம் இளகும், அதற்கு வயசு கம்மி. மேலே போகப் போகப் பனி இறங்கியது. முப்பது வருஷமாகக் கரண்டு பில் கட்டிக் குளிர் செய்கிறவன் நான். இங்கே சும்மா கிடைக்கிறது.

7.20க்கு வெள்ளிமலை. அங்கிருந்து மண் ரோட்டில் ஆறு கிலோமீட்டர். ஊர் பேரை எழுத வேண்டாம் என்று அஞ்சலை கேட்டுக்கொண்டது. மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு வீடு. சின்னையன் வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மகளைப் பார்க்கவில்லை.

நான் முந்திக்கொண்டேன். பாபுவிடம் கண்ணாடிப் பாரை எடுத்து வாசல் கல்லில் வைக்கச் சொன்னேன். வெயில் பட்டு அது தகதகவென்றது. அக்கம்பக்கத்து ஜனம் கூடிவிட்டது. "உங்க பொண்ணு நிக்கிற ஐஸு இதுதாங்க. யானையே நிக்கலாம்" என்றேன்.

அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்தது. சின்னையன் எழுந்து வந்தார். பாரைச் சுற்றி நடந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது உங்க ஊரு ஐஸு. ஜூஸ் கடையில பாத்திருக்கிறேன்" என்றார் என்னிடம். "கடல் ஐஸுன்னா கரிக்கணுமே. அது எங்க?"

அஞ்சலையே உமியைத் தள்ளி, பாபு ஒரு பக்கம் பிடிக்க, உப்புப் பாரை இறக்கியது. முனையெல்லாம் மழுங்கி, அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. கையோடு கொண்டுவந்திருந்த ரம்பத்தால் ஒரு துண்டு அறுத்து நிறுத்தி, அதன் தலையில் நீல மையைச் சொட்டு விட்டது. மை உள்ளே இறங்கியது. வேர் மாதிரி பிரிந்து பிரிந்து, நூல் நூலாக, கீழே வந்து வழிந்தது.

"இந்தச் சந்துக்குள்ளதான் பாசி வளருதும்மா" என்று தன் அம்மாவிடம் சொன்னது. அப்பாவுக்கும் கேட்கட்டும் என்றுதான். "பழுப்புப் பாசி. ஐஸுக்கு அடியில மெழுகி வச்ச மாதிரி இருக்கும். சந்தையில கூனி வாங்குவியே, அதுமாதிரி ஒரு இறாலு, அதான் இந்தப் பாசியை மேய்ஞ்சி பொழைக்குது. கூனியைத் தின்னு மீனு, பறவை, திமிங்கலம் எல்லாம் பொழைக்குது. இப்ப சில வருஷம் ஐஸு ரொம்பக் கம்மியா இருக்குது. அதான் போய்ப் பாக்கறோம்."

சின்னையன் உள்ளே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கையில் ஒரு மூங்கில் கழியோடு திரும்பி வந்தார். நுனியில் இரும்புப் பூண். மிச்சமிருந்த உப்புப் பாரில் ஊன்றி அழுத்தினார். ரெண்டு விரற்கடை இறங்கியது. ஜனம் 'ச்சு' கொட்டியது. காரியம் கெட்டது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இதுமேலயா நிக்கிற?"

மகளைப் பார்த்துக் கேட்டார். பத்து மாசத்தில் முதல் பேச்சு. அவங்கம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்கள்.

"ஆமாப்பா."

"எம்மாங் கனம் இருக்கும்?"

"ரெண்டு மொழம், மூணு மொழம். துளை போட்டு அளந்து பாப்போம். ஒரு மொழத்துக்குக் கம்மின்னா கால் வைக்க மாட்டோம். கப்பல்லருந்து கூண்டுல எறக்குவாங்க. தனியா யாரும் போவக் கூடாது."

"கீழ?"

பொய் சொல்லும்மா, ஒரு ஆள் ஆழம் என்று சொல்லு, என்று எனக்குச் சொல்ல வாய் துடித்தது. அஞ்சலை, "நம்ம மலையை நாலு அடுக்கினாலும் முழுகிப் போவும்" என்றது.

சின்னையன் கழியை உருவினார். அதன் நுனியைத் துண்டால் துடைத்தார். "ஆத்துல தண்ணி வந்தா நானும் இதை ஊனிப் பாத்துத்தான் கால வைக்கறேன். மூட்டையோட எத்தினி வாட்டி தாண்டியிருக்கறேன். அதுல பயம் இன்னா இருக்குது" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "மேசையில ஒக்காந்து எழுதறேன்னு சொன்னியே, அதான் பொறுக்கலை" என்றார்.

"தப்புதான்பா."

"நீ எழுதினா ஐஸு ஜாஸ்தி ஆவுமா?"

"ஆவாதுப்பா. எவ்ளோ கம்மியாவுதுன்னு தெரியும்."

"அதுவும் தெரியணும் இல்ல" என்றவர், கழியை நீட்டினார். "இதை எடுத்துக்கினு போ."

"கப்பல்ல ஏத்துவாங்களா டாக்டரம்மா?" என்று பாபு கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். சின்னையனும்தான்.

சாமைச் சோறும் கூனிக் குழம்பும் போட்டார்கள். அந்தக் கூனியை இத்தனை மரியாதையோடு நான் தின்றதில்லை. கண்ணாடிப் பாரை உடைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து ஊரே குடித்தது. பகல் 12 மணிக்கு நாங்கள் கிளம்பும்போது, உப்புப் பார் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கறை. அப்பாவும் மகளும் கழியைத் தரையில் கிடத்தி, எத்தனை முழம் என்று அளந்துகொண்டிருந்தார்கள்.

இறங்கும்போது காது அடைத்தது. கச்சிராயபாளையத்தில் வெயில் சுள்ளென்றது. கம்பெனிக்குள் நுழைந்ததும் வழக்கம்போல அன்றைய பார்களைத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் கண்ணாடி. நல்ல சரக்குதான். ஆனால் மலையில் அது தாகத்துக்குத்தான் ஆனது.

அஞ்சலை இப்போது கடலில் இருக்கிறது. கழியும் கூடப் போயிருக்கிறதாம். திரும்பி வந்து ஆராய்ச்சிப் புத்தகத்தில் எழுதுவார்கள். கப்பலுக்கு நன்றி, கேப்டனுக்கு நன்றி, கருவிக்கு நன்றி என்று போடுவார்கள். போடட்டும். அதிலேயே ஒரு வரி எனக்கும் வர வேண்டும். கள்ளக்குறிச்சி ஐஸ்காரர், நாலாம் வகுப்பு, உதவினார் என்று. இதை நான் கேட்டுத்தான் வாங்குவேன், கேட்காமல் எனக்கு எதுவும் வந்ததில்லை. அந்த வரியில் என் கண்ணாடிப் பாரைப் பற்றி ஒன்றும் வேண்டாம். என் கையால் இத்தனை வருஷத்தில் வந்ததிலேயே மட்டமான பார், கழி இறங்கின பார், அதைப் போடுங்கள். அதைச் செய்தவன் நான்தான்.