அடல்ஸ் ஒன்லி படத்துக்கு நான் கேட்ட அடையாள அட்டை

1. கேட் கீப்பரின் தலையில்

பதுளையில் ஒரு தியேட்டரில் பதினாறு வருடம் கேட் கீப்பராக இருந்தேன். டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விடுவதுதான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு படம் ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்ற சான்றிதழோடு கொழும்பிலிருந்து வந்துவிட்டால், அந்தச் சட்டம் கடைசியில் வந்து விழுவது கேட் கீப்பர் தலையில்தான். சான்றிதழ் கொடுத்தவர்கள் கொழும்பில் இருப்பார்கள். எதிரில் நிற்பவனுக்குப் பதினேழா பதினெட்டா என்று நான்தான் முடிவு செய்யவேண்டும்.

மூஞ்சியைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவேன். தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் அடையாள அட்டை கேட்டுப் பிரயோசனமில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. பதிவில்லாதவனுக்கு அடையாள அட்டை எங்கிருந்து வரும்? நானும் லயத்தில் பிறந்தவன்தான். அப்பா அரசாங்கக் கச்சேரி ஒஃபிசுக்கு நாயாய் அலைந்ததால் எனக்கு அட்டை கிடைத்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், அடல்ஸ் ஒன்லி படம் ஒன்றுக்கு மூன்று பள்ளிக்கூடப் பையன்கள் எப்படியோ உள்ளே போய்விட்டார்கள். அவர்களுடைய டீச்சர் வந்து சண்டை பிடித்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. எங்கள் மனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னை ஒஃபிசுக்குக் கூப்பிட்டார்.

“இஞ்ச பாரும், இனி அட்டை இல்லாம ஒருத்தரையும் உள்ள விடக்கூடாது. இன்னொருக்காக் கொம்ப்ளேன் வந்தா உமக்கு இஞ்ச வேலையில்லை. விளங்குதோ?”

நன்றாகவே விளங்கியது.

2. ஞாயிறு மெட்னி ஷோ

யுத்தக் காலம்; அட்டை இல்லாத தமிழ் இளைஞன் என்றால் புலி என்றே சந்தேகிப்பார்கள். பை சோதிக்க வாசலில் ஒரு சிங்களப் பொலிஸ்காரர் நிற்பார். அதே படத்தின் அடுத்த ஞாயிறு மெட்னிக்குக் கொஸ்லந்தைப் பக்கத் தோட்டத்திலிருந்து ராசு என்பவன் மனைவியோடு வந்தான். ஒல்லிக்குச்சி ஆள், மீசை சரியாக முளைக்கவில்லை.

“அட்டை எங்க தம்பி?”

“அட்டை இல்லைங்கண்ணே. தோட்டத்து ஒஃபிசுல கடுதாசி வாங்கி வச்சிருக்கேன்.”

பெயரும் தோட்டமும் எழுதி முத்திரை குத்திய கடிதம். செக் பொயின்டுகளில் தோட்டத்து ஆட்கள் அதைக் காட்டித்தான் தப்பிப்பார்கள்.

“இதுல வயசு இல்லையே.”

“இருவத்திமூணு ஆவுதுங்க. கலியாணம் கட்டியே ரெண்டு வருசமாச்சு.”

அவன் மனைவி செல்வி, தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள். அவன் வளர்ந்த ஆள்தான் என்று எனக்கு அதற்கு முன்பே தெரியும். சற்று முன்னர்தான் ஒரு பெரிய உத்தியோகத்தரின் பிள்ளைகள் இருவரை, ஒரு வார்த்தை கேட்காமல் பல்கனிக்கு அனுப்பியிருந்தேன்.

“ஐடென்டிட்டி கார்ட் இல்லாம விடமுடியாதுன்னா முடியாது!” என்று கத்தினேன்.

பொலிஸ்காரர் திரும்பினார். ஐடென்டிட்டி கார்ட் என்ற சொல் எல்லா மொழிக்காரருக்கும் விளங்கும். கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பழைய கடிதம், செல்லாது என்றார். ராசுவின் கையைப் பிடித்தார். ஓடிப்போய், “தோட்டத்து ஆள் சேர், படம் பார்க்க வந்தவர்” என்று சிங்களத்தில் சொன்னேன்.

“அப்படியென்றால் நீ ஏன் உள்ளே விடவில்லை?” என்று கேட்டார்.

ராசுவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மனேஜரிடம் ஓடினேன். ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

“யாழ்ப்பாணத்து அட்டையோட நான் அங்க போனா என்னையும் வச்சுக்கொள்ளுவாங்கள். போய்க் கேட்டில நில்லும்.”

போய் நின்றேன். டிக்கெட் கிழித்தேன். கதாநாயகி அரைகுறை உடுப்போடு சிரிக்கும் போஸ்டருக்குக் கீழே செல்வி படம் முடியும்வரை நின்றாள். போஸ்டரைப் பார்க்க மட்டும் வயதெல்லை இல்லை.

3. கொஸ்லந்தைக்குப் போனது

தொழிற்சங்கத் தலைவரும் தோட்டத்துத் துரையும் எழுதிக்கொடுத்து, பதினெட்டு நாள் கழித்து ராசுவை விட்டார்கள். மன்னிப்புக் கேட்க நான் அந்த லயத்துக்குப் போனேன். அவனுக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். செல்விதான் பேசினாள்.

“தெரியாமத்தாண்ணே கேக்குறேன். இவரு பாத்துக் கெட்டுப்போற மாதிரி அந்தப் படத்துல அப்புடி என்னதான் இருந்துச்சு?”

கேட்டில் நின்றபடி திரைச்சீலை இடுக்கால் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு மழைப்பாட்டு, ஒரு கொலை.

“ஒன்னும் இல்லம்மா” என்றேன்.

“ஒன்னும் இல்லாததுக்கா?” என்றாள்.

பிள்ளைகளைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும். அதை நான் குறை சொல்லவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றைத்தான் சொல்வேன். சந்தேகம் வந்தால் ஆளைத் தனியே கூப்பிட்டு, “வேற படத்துக்கு வாங்க” என்று மெதுவாகச் சொல்லி அனுப்புங்கள். அன்றைக்கும் எனக்கு இது தெரியும். ஒஃபிசுக்குள் இருந்த மனேஜருக்குக் கேட்கட்டும் என்றுதான் அப்படிக் கத்தினேன்.