வெங்காயப் பாத்தியில் பூண்டு

எங்கள் வேப்பந்தட்டைப் பக்கம் சின்ன வெங்காயம் போடத் தெரியாதவர்கள் யாருமில்லை. விதை வெங்காயத்தைக் கையில் எடுத்தாலே அது முளைக்குமா, அழுகுமா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்குப் பூண்டு என்ன பெரிய வித்தையா? தலைப்பிரசவத்துக்கு மகளை வளைகாப்பு போட்டு அழைத்து வந்த கையோடு, வீட்டை ஒட்டிய காட்டில் வெங்காயத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு பாத்தி பூண்டும் ஊன்றினேன்.

காரணம் அவள்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். இவளோ சின்ன வயதிலிருந்தே ரசத்தில் கிடக்கும் ஒரு பல்லைக்கூடப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குகிறவள். கடைப் பூண்டை ஒதுக்கலாம், அம்மா கையால் விளைந்ததை எப்படி ஒதுக்குவாள் என்பது என் கணக்கு.

தாள் நன்றாகவே வந்தது. வீட்டுக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "புல்லு பூண்டு நல்லாத்தான் மண்டியிருக்கு" என்றார். களையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்.

"சிரிங்க, சிரிங்க. கொழம்புல போட்டதும் தெரியும்" என்றேன்.

பேரன் பிறந்த சில நாளில் வெங்காயத் தாள் சாய்ந்தது. ஆள் விட்டுப் பிடுங்கினோம். பாத்தி காலியாகட்டும் என்று பூண்டையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன். மண்ணை உதறிப் பார்த்தால் பல்லையே காணோம். ஒவ்வொன்றும் கோலிக்குண்டு மாதிரி ஒரே உருண்டை. வெங்காயத்தைவிட இரண்டு மடங்கு காலம் மண்ணில் கிடந்தால்தான் பூண்டு பல் பிரியும் என்பது பிறகுதான் தெரிந்தது. பாத்தியிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்குள் பிள்ளை பால் போதாமல் வீறிடுகிறான். இவள் கடைப் பூண்டுக் குழம்பில் பூண்டையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைப் பிசைகிறாள்.

ஆனால் நான் அதோடு விடுகிற ஆளில்லை. தோலை உரித்துப் பார்த்தேன். பார்வைக்கு உரித்த சின்ன வெங்காயம்தான். முழுசு முழுசாக நல்லெண்ணெயில் வதக்கி, புளியைக் குறைத்து, மிளகைத் தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தேன்.

"வெங்காயக் கொழம்புதான், சாப்புடு."

அவள் சாப்பிட்டாள். ஒன்றுகூட ஓரத்துக்குப் போகவில்லை. தினமும் அதே குழம்பு, தினமும் அதே வெங்காயம். பேரன் குடித்துவிட்டுக் கடைவாயில் பால் ஒழுகத் தூங்க ஆரம்பித்தான். என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்ற மிதப்பில் நடந்தேன்.

பூண்டுக் கூடை காலியானது. "நாளைக்கி வேற கொழம்புதான். அந்த வெங்காயம் தீந்துபோச்சு" என்றேன்.

அவள் பிள்ளையின் வாயைத் துடைத்தபடியே சொன்னாள், "கடைப் பூண்டையே போடும்மா, திங்கிறேன்."

காலிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"வெங்காயக் காட்டுல பொறந்தவளுக்கு எது வெங்காயம், எது பூண்டுன்னு தெரியாதா? நீ வெயில்ல குந்திக்கிட்டு அழுதத ஜன்னல்லேர்ந்து பாத்தேன். அப்புறம் எப்புடிம்மா ஒதுக்குறது?"

மறுநாள் கடைப் பூண்டுதான் போட்டேன். கழுவ எடுத்தபோது தட்டோரத்தில் ஒன்றும் இல்லை.