மாப்பிள்ளை பாடிய சோகப் பாட்டு

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை அழுகையோடு தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவே அதற்கு இடம் கொடுத்திருக்க மாட்டார்.

மந்தைவெளியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டு, வயரிங் வேலைக்குப் போனார். பகலில் எலக்ட்ரீஷியன், மாலையில் கல்யாணங்களில் பாடும் மெல்லிசைக் குழுப் பாடகர். காதலியைப் பறிகொடுத்தவன் பாடும் ஒரு பழைய சினிமாப் பாட்டுதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. சும்மா சொல்லக்கூடாது, அப்பா அதை எடுத்தால் பந்தியில் பரிமாறுகிறவர்கள்கூட சாம்பார் வாளியோடு நின்றுவிடுவார்கள்.

அதையே தம் திருமண வரவேற்பிலும் பாடித் தொலைத்தார்! அன்று மாலை வரவேற்பு, மறுநாள் காலையில்தான் முகூர்த்தம். குழு நண்பர்கள் மைக்கை நீட்ட, மாலையும் கழுத்துமாக, பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டார். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, விறுவிறுவென்று மேடையேறினார்.

"இன்னா மாப்ளே, யாரு அந்தப் பொண்ணு? தாலி கட்றதுக்கு முன்னாடி சொல்லிடு. இல்லாங்காட்டி இந்தக் கல்யாணமே வேணாம்!"

அப்பா மைக்கை இறக்கினார். அம்மாதான் வாய் திறந்தார்.

"இருண்ணா. இன்னும் ஒரு சரணம் கீது. முடிக்கட்டும்."

கல்யாணம் நடந்தது. ஆனால் "யாரு அந்தப் பொண்ணு?" என்ற கேலி எங்கள் வீட்டில் ஓயவே இல்லை. அப்பா சிரித்தே மழுப்புவார். அம்மா மட்டும் கேட்டதில்லை. கேட்காமல் உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருந்தார் என்பது மகளாகிய எனக்குத் தெரியும்.

பிற்காலத்தில் வேளச்சேரியில் ஐ.டி. பிள்ளைகள் கல்யாணத்திலும் அதே பாட்டைத்தான் பாடச் சொல்லிக் கேட்டார்கள். "இவ்ளோ பழசை ஏன்பா இன்னும் கேக்கறாங்க?" என்றேன்.

"அந்தப் பாட்டுல பொண்ணு பேரு இல்லம்மா. கேக்கறவன் அவனவனுக்கு வேண்டியவங்கள வச்சிக்கிறான்."

கடைசி நாட்களில், கோட்டூர்புரம் வீட்டில், கஞ்சி ஊட்டிக்கொண்டே அம்மா ஒருவழியாகக் கேட்டுவிட்டார்.

"இப்பவாச்சும் சொல்லுயா. யாரை நெனச்சிக்கினு பாடுவ?"

"உன்னியத்தான். பொண்ணு பாத்துட்டு வந்ததுலேர்ந்து பயம். நீ கெடைக்காம பூட்டா இன்னா பண்ணுவேன்னு நெனப்பேன். அந்த பயந்தான் பாட்டா வரும்."

"அடப்பாவி மனுசா! அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"உங்கண்ணன் மொறைச்சிக்கினு நிக்கறாரு, எங்க சொல்றது?"

இருவரும் சிரித்த சிரிப்பில் கஞ்சியெல்லாம் போர்வையில். அவ்வளவு சந்தோஷமாக அம்மாவை நான் பார்த்ததே இல்லை.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், நாள் தவறாமல் வந்து பேசிச் சிரிக்க வைத்த குழு நண்பர்களுக்கும், அவரைத் தூக்கி உட்கார வைத்த அக்கம்பக்கத்தாருக்கும், ஆஸ்பத்திரி வாசலே கதியாகக் கிடந்த மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு நாளன்று குழு நண்பர்கள் பாட இருக்கிறார்கள். அந்தப் பாட்டை அம்மா தாங்கமாட்டார் என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தோம். தெரிந்ததும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்தினி நாளு அது அவரு பாட்டு. இனிமே என் பாட்டு. முழுசா பாடச் சொல்லு."